லெக்சரா, டெமோவா, வார்டா? நர்சிங் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நர்சிங் கல்லூரிகளில் பாடம் நடத்தும் விதம் பற்றியவை. நான் வார்டிலும் வகுப்பிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: ஐந்தாவது செமஸ்டரில் எஜுகேஷனல் டெக்னாலஜி பாடம். லெக்சர், டெமான்ஸ்ட்ரேஷன், குழு விவாதம், செமினார், ரோல் பிளே என்று ஒவ்வொன்றுக்கும் நிறை குறைகளை மனப்பாடம் செய்து எழுதுகிறோம். உண்மையில் எதில்தான் நன்றாகப் படிக்க முடியும்?
– பி.எஸ்சி. நர்சிங் மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்தப் பட்டியல் தப்பில்லை மகளே. ஆனால் அதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. பாடம் நடக்கும்போதே, மாணவிக்கு என்ன தெரியவில்லை என்பது ஆசிரியர் கண்ணில் படுகிறதா? ஒரு முறை நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்.

பி.பி. பார்ப்பதை எடுத்துக்கொள். லெக்சரில் சிஸ்டாலிக், டயஸ்டாலிக் என்றால் என்ன, ஏன் இரண்டு எண் வருகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் அருமையாகப் புரிந்துவிடும், அதை டெமோவில் புரிய வைக்க முடியாது. ஆனால் கையில் சுற்றும் பட்டையான கஃப்பில் இருக்கும் காற்றை விநாடிக்கு 2, 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்க வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும், வால்வைத் திறக்கும்போது முதல் தடவை எல்லோருக்கும் காற்று புஸ்ஸென்று இறங்கிவிடும், அதற்குள் சத்தம் எங்கே ஆரம்பித்தது என்பதே தெரியாது. இது விரலில் இருக்கிற அறிவு. அதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்தான் திருத்த முடியும்.

அதனால் பழைய முறைகளில் எதைக் கைவிடக் கூடாது என்று கேட்டால், டெமோவும், அதற்குப் பின்னால் மாணவி தானே செய்து காட்டுகிற ரிட்டர்ன் டெமோவும் என்பேன். இரண்டையும் பிரிக்கவே கூடாது. பல இடங்களில் மேடம் ஒரு முறை செய்து காட்டுவார், சுற்றி முப்பது பேர் நிற்பார்கள், பின்வரிசைக்கு மேடத்தின் முதுகுதான் தெரியும், அப்புறம் நேரமில்லை என்று ரிட்டர்ன் டெமோ நான்கைந்து பேரோடு நின்றுவிடும், ஆனால் லாக் புக்கில் முப்பது பேருக்கும் கையெழுத்து விழும். இது உட்கார வைக்காமல் நிற்க வைத்து நடத்திய லெக்சர், அவ்வளவுதான்.

ராட்னி பெய்டன் என்ற அறுவை மருத்துவர் 1998-ல் நான்கு படிகள் சொன்னார். முதலில் ஆசிரியர் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டாவது, ஒவ்வொரு அடியையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வது. மூன்றாவதில், மாணவி வாயால் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்ய வேண்டும். நான்காவது, மாணவியே சொல்லிக்கொண்டு செய்வது. எனக்கு இந்த மூன்றாவது படி மேல் தனி மதிப்பு உண்டு. மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போடுவதற்கு முன் மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனை வரை அளக்க வேண்டும் என்பதை ஒரு மாணவி சொல்ல மறந்தால், நோயாளிமேல் கை வைப்பதற்கு முன்பே அது தெரிந்துவிடுகிறது. செமினார், ரோல் பிளே எல்லாமும் இதே அளவுகோலில்தான். உன் வாயும் கையும் வேலை செய்து, அதை ஒருவர் கவனித்துத் திருத்தினால் அது நல்ல முறை.

கேள்வி: என் மகள் நர்சிங் முதல் வருஷம். வார்டுக்குப் போனால் பெட் மேக்கிங், சாம்பிள் கொண்டுபோய்க் கொடுப்பது, ரிப்போர்ட் வாங்கி வருவது என்றே நாள் போகிறதாம். இவ்வளவு ஃபீஸ் கட்டி இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா?
– ஒரு தந்தை, தருமபுரி

பதில்: உங்கள் கவலை நியாயமானது ஐயா. இது நர்சிங் படிப்பு பிறந்ததிலிருந்தே கூட வருகிற சண்டை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தபோது, வார்டிலேயே பழகிப் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நல்ல யோசனைதான். ஆனால் அதைப் பார்த்து மற்ற நாடுகளிலும் பள்ளிகள் வந்தபோது, மாணவிகள் என்றால் சம்பளம் அதிகம் கொடுக்க வேண்டியதில்லாத ஆட்கள் என்று பல மருத்துவமனைகள் கண்டுகொண்டன. அமெரிக்காவில் 1923-ல் வெளியான கோல்ட்மார்க் அறிக்கை இதை வெளிப்படையாகவே சொன்னது: மருத்துவமனையின் வேலைத் தேவை மாணவியின் படிப்பை விழுங்கிவிடுகிறது என்று. அதே வருஷம்தான் யேல் பல்கலைக்கழகத்தில் படிப்புக்கு முதலிடம் கொடுக்கும் நர்சிங் பள்ளி வந்தது.

நம் பக்கமும் இதே பாதைதான். மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில் 1871-ல் பயிற்சி தொடங்கியது, வேலூரில் ஐடா ஸ்கட்டர் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார், 1946-ல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பு வந்தது. பட்டம் வந்தும், ஆள் பற்றாக்குறையை மாணவிகளை வைத்து நிரப்புகிற பழக்கம் முழுதாகப் போகவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் பெட் மேக்கிங்கை மட்டும் குறைவாக நினைக்காதீர்கள். எழுந்திருக்க முடியாத ஒருவர் படுத்திருக்கும்போதே அவரைத் திருப்பி விரிப்பு மாற்றுகிற அந்தச் சில நிமிஷத்தில், இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, டியூப் எங்காவது மடங்கிக் கிடக்கிறதா, எந்தப் பக்கம் திருப்பினால் வலிக்கிறது என்று எவ்வளவோ பார்க்கலாம். “என்ன பார்த்தாய்?” என்று கேட்க ஒரு ஆசிரியர் அங்கே நின்றால் அது படிப்பு. யாரும் இல்லையென்றால் வெறும் வேலை. சாம்பிள் தூக்கிக்கொண்டு லேபுக்கு நடப்பதில் முதல் இரண்டு நாளுக்குப் பிறகு கற்க ஒன்றுமில்லை.

கல்லூரியில் போய்க் கேளுங்கள்: போஸ்டிங் நேரத்தில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் வார்டில் இருக்கிறாரா, ஒருவருக்கு எத்தனை மாணவிகள்? இந்திய நர்சிங் கவுன்சில் 10 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் வைத்திருக்கிறது. வீட்டிலும் மகளிடம் “இன்றைக்கு எந்த நோயாளியைப் பார்த்தாய், அவருக்கு என்ன செய்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். அவளால் சொல்ல முடிகிறதா என்பதிலேயே நிலைமை உங்களுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20, பார்த்ததில் 30, செய்ததில் 90 சதவீதம் நினைவில் நிற்கும் என்று நோட்ஸில் இருக்கிறதே, உண்மையா?
– மாணவர், நாகர்கோவில்

பதில்: இல்லை தம்பி. எட்கர் டேல் என்ற கல்வியாளர் கற்கும் அனுபவங்களை அடுக்கி 1946-ல் வரைந்த அனுபவக் கூம்புக்கு மேல்தான் இந்தச் சதவீதங்களைப் போடுகிறார்கள், ஆனால் அவர் வரைந்ததில் எந்த எண்ணும் கிடையாது, பின்னால் வந்தவர்கள் ஒட்ட வைத்தது அது. நிஜ ஆராய்ச்சியில் இப்படிப் பத்துப் பத்தாக அழகாக விடை வராது. கூம்பை வரையுங்கள், சதவீதம் போடாதீர்கள்.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த டியூட்டர். ஒரு வகுப்பில் 100 பேர். புதிய பாடத்திட்டத்தில் செமஸ்டர் வேகமாக ஓடுகிறது, பிபிடி போட்டு லெக்சர் எடுக்காமல் போர்ஷன் முடியாது. ஆனால் ட்ரெயினிங் போகும் இடமெல்லாம் லெக்சர் எடுக்காதே என்கிறார்கள். என்ன செய்ய?
– நர்சிங் டியூட்டர், சேலம்

பதில்: லெக்சர் எடுங்கள் அம்மா, தைரியமாக எடுங்கள். நூறு பேருக்கு இதயச் செயலிழப்பில் கால் ஏன் வீங்குகிறது என்று தொடக்கம் முதல் முடிவு வரை கோர்வையாகச் சொல்ல அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்த ஆசிரியரின் லெக்சர் பெரிய கொடை. திரையில் இருப்பதையே வாசிப்பதும், நடுவில் நிறுத்தாமல் ஐம்பது நிமிஷம் போவதும்தான் பிரச்சினை.

கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி ஒரு கணக்கு கொடுங்கள். ‘ஒரு லிட்டர் நார்மல் சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு, நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு?’ எல்லோரும் எழுதட்டும், நீங்கள் வரிசைகளுக்கு நடுவில் நடந்து பாருங்கள். விடை சுமார் 42. சிலர் 125 என்று எழுதியிருப்பார்கள், அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்பதோடு நின்றுவிட்டவர்கள். 31 எழுதியவர்கள் பழக்க தோஷத்தில் 15 சொட்டு செட் என்று எடுத்தவர்கள். இரண்டு தப்பும் வேறு வேறு, இரண்டையும் வேறு மாதிரி திருத்த வேண்டும். “புரிந்ததா?” என்று கேட்டிருந்தால் நூறு பேரும் “யெஸ் மேம்” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று. மறுநாள் வகுப்பை, முந்தைய பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் அரைப் பக்கம் எழுதச் சொல்லி ஆரம்பியுங்கள். மார்க் வேண்டாம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனை செய்தார்கள்: ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசித்தபோதும், அதற்குப் பதிலாக நினைவிலிருந்து எழுதிப் பார்த்தபோதும் எவ்வளவு நிற்கிறது என்று. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42. இரவு முழுக்க நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கிற நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் விலை உயர்ந்த மேனிக்வின் வாங்கியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மட்டும் உறையைக் கழற்றுகிறார்கள். பொம்மையில் படிப்பது வார்டுக்கு ஈடாகுமா?
– மாணவி, மதுரை

பதில்: பொம்மை புதிதல்ல. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைப் பள்ளிக்காக 1911-லேயே ஆள் உயரப் பொம்மை ஒன்றை மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்பவரிடம் சொல்லிச் செய்தார்கள், ‘மிஸஸ் சேஸ்’ என்றே அதற்குப் பெயர். சில வருஷத்தில் கையில் ஊசி போடப் பழகும் வசதியும் வந்தது.

ஈடாகுமா என்றால், அமெரிக்க நர்சிங் கவுன்சில்களின் தேசிய அமைப்பு 10 கல்லூரிகளில் செய்து 2014-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு, வார்டு நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக, அதாவது லேபில் பொம்மை போன்றவற்றை வைத்துச் செய்யும் பயிற்சியாக, மாற்றினாலும் அறிவிலோ திறமையிலோ லைசென்ஸ் தேர்விலோ வித்தியாசம் இல்லை என்றது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு முறையும் முடிந்தபின் உட்கார வைத்து ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று பேசினார்கள். அதைச் செய்யாமல் பாதி நேரம் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

பிரசவத்துக்குப் பிறகு திடீரென்று ரத்தம் கொட்டுவது, நெஞ்சு நின்றுபோவது, இந்த மாதிரி நேரத்தில் வார்டில் மாணவியை ஓரமாக நிற்கத்தான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். அங்கே மேனிக்வின்தான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே வாய்ப்பு. அதே சமயம், எழுபது வயதுக்காரரின் நழுவுகிற நரம்பும், ஊசியைப் பார்த்ததும் “வலிக்குமாம்மா?” என்று அவர் கேட்பதும் லேபில் கிடையாது. வகுப்புப் பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டு போய், வாரத்தில் ஒரு மாலை லேபைத் திறந்து வைக்கும்படி பிரின்சிபாலிடம் எழுத்திலேயே கேளுங்கள். உறைக்குள் இருப்பது உங்கள் ஃபீஸ்.

கேள்வி: கேர் பிளான், கேஸ் ஸ்டடி எல்லாம் சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எல்லோரும் எழுதுகிறோம். இதில் என்ன கற்கிறோம் என்று தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: கையெழுத்து அழகாகும், வேறொன்றுமில்லை. உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பக்க எண்ணிக்கைக்கும் கலர் பேனாவுக்கும் மார்க் போட்டால் பிள்ளைகள் காப்பிதான் அடிப்பார்கள். கேர் பிளான் நல்ல கருவி. நோயாளியைக் கவனித்து, அவருடைய பிரச்சினை என்ன, எது முதலில், என்ன செய்யப்போகிறோம், செய்து பலன் கிடைத்ததா என்று யோசிக்க வைப்பது. அதை நோயாளியின் முகமே பார்க்காமல் எழுதினால் என்ன பிரயோஜனம்?

டியூட்டர்கள் பத்துக் கேர் பிளானுக்குப் பதில் மூன்று வாங்கட்டும், அந்த மூன்றையும் வார்டிலேயே நின்று கேட்கட்டும். ‘இவருக்கு ஏன் வலியை முதலில் வைத்தாய், மூச்சுத் திணறலை ஏன் இரண்டாவதாக வைத்தாய்?’ காப்பி அடித்தவரால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில் பாடம் எடுக்கும்போது நோயாளியிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அவருக்கே இன்னும் சொல்லப்படாத நோயின் பெயரை அவர் தலைமாட்டில் நின்று பேசக் கூடாது, வரண்டாவுக்கு வந்து பேசுங்கள்.

கேள்வி: நாங்கள் ஒரு ஷிஃப்டில் இரண்டு பேர்தான். மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் எங்கள் தலையிலா?
– ஸ்டாஃப் நர்ஸ், கோயம்புத்தூர்

பதில்: பாடம் எடுப்பது உங்கள் வேலை இல்லை சிஸ்டர், அதற்குக் கல்லூரி ஆள் அனுப்ப வேண்டும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: செய்யும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். பேட்ரிசியா பென்னர் என்ற நர்சிங் அறிஞர் 1984-ல் நர்ஸ்களின் திறமையைப் புதியவரிலிருந்து நிபுணர் வரை ஐந்து நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். அனுபவம் ஏற ஏற விதிகளை ஒவ்வொன்றாக நினைக்காமல் நிலைமையைப் பார்த்ததுமே நமக்குப் புரிந்துவிடுகிறது என்றார். உங்களுக்குப் புரிந்தது பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்குத் தெரியாது. “மூன்றாம் பெட் அம்மா காலையிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டார், எனக்குச் சரியாகப் படவில்லை, சாச்சுரேஷன் பார்க்கிறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்களுக்குக் கூடுதல் நேரம் ஆகாது. ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கிற ஹேண்டிங் ஓவர் நேரத்தில் அவர்களை விரட்டாமல் கூட நிற்க விடுங்கள், அதுவும் போதும்.