படகை விற்காதீர்கள், பாயை மாற்றுங்கள்

ஐயா, 63 வயது, 66 கிலோ எடை, லேசர் என்ற ஒருவர் ஓட்டும் சிறு பாய்மரப் படகில் பெரிய பாய், பலத்த காற்றில் முழங்கால் வலி, கவிழ்ந்தால் மீண்டும் ஏற முடியவில்லை, அதனால் விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் எடைக்கு 7.06 சதுர மீட்டர் பாய் மிக அதிகம். அதைச் சமாளிக்க உடலை வெளியே தள்ளித் தொங்குவதுதான் முழங்காலைத் தின்கிறது. அதே படகில் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் பாயையும் மட்டும் மாற்றினால் 5.76 சதுர மீட்டருக்கு இறங்கிவிடலாம். மேல்துண்டும், பாயின் அடியோரத்தில் கிடையாக இருக்கும் பூம் என்ற கம்பும் அப்படியே பயன்படும். இது தகுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பெண்கள் ஒலிம்பிக்கில் 2008 முதல் ஓடுவது இந்தப் பாய்தான். மூத்தோர் போட்டிகளில் 55 முதல் 64 வரை தனிப் பிரிவு உண்டு, 75-க்கு மேலும் உண்டு.

காற்று ஏறும்போது பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இறுக்கும் கன்னிங்ஹாம் கயிற்றை நன்றாக இழுங்கள். பாயின் மேற்பகுதி காற்றை விட்டுவிடும், படகு அடங்கும்.

ஏறுவதற்கு, கால்பட்டையில் (வெளியே தொங்கும்போது பாதத்தை மாட்டிக்கொள்ளும் பட்டை) ஒரு கயிற்று வளையத்தைக் கட்டி வையுங்கள். நீரில் இருக்கும்போது அதை வெளியே எடுத்துப் போட்டுப் பாதத்தை நுழைத்தால், கைவலு மட்டும் போதாத இடத்தில் காலும் உதவும். இதை முதலில் கரையோரம், இடுப்பளவு நீரில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பழகுங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கவே வேண்டாம். முழங்கால் வலி ஓய்விலும் தொடர்ந்தால், முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.