அப்பாவின் நோட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

போட்டிகளில் இரண்டாம் சுற்றுக்கே போகாதவர்களைப் பற்றி சென்ற மாதம் நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு 78 வயது. சிங்கப்பூரில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். 1970களின் நடுவிலிருந்து 2009 வரை பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லிக்கொடுத்தார். மதியம் பள்ளி மண்டபத்தில் மெத்தைகளை விரிப்பார், மாலை பூப்பந்துக்காரர்கள் வருவதற்குள் சுருட்டி வைப்பார். சனி, ஞாயிறில் எங்காவது போட்டி நடக்கும், அங்கே நடுவராக உட்கார்ந்திருப்பார். என் பிறந்தநாள் படங்களில் பாதியில் அவர் இல்லை.

போன வாரம் ஒரு கல்யாண விருந்தில் உறவினர் ஒருவர், "இத்தனை வருஷத்துல ஒலிம்பிக்குக்கு எத்தனை பேரை அனுப்புனீங்க?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே "ஒருத்தரும் இல்லப்பா" என்றார். வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த 41 நோட்டுகளையும் வெளியே எடுத்து வைத்து, "காராங்குனிக்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) வந்தா போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நோட்டுகளில் எல்லாம் ஏதோ கிறுக்கல்கள்தான். மூன்று பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். அவருக்கு என்ன சொல்லித் தேற்றுவது?

(பெயர் வேண்டாம்)
சிங்கப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டுகளைப் போட்டுவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் அந்த உறவினரின் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் உலகம் முழுவதற்கும் 96 இடங்கள். அதில் 12 அணிகள், அணிக்கு ஐந்து பேர் என்று 60 போய்விடும். அணியாகத் தகுதி பெறாத எல்லா நாடுகளும் மிச்சமிருக்கும் 36 இடங்களுக்குத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இப்போது ஆண்டுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய முப்பதாயிரம். இவ்வளவு சின்ன நாடு அந்த 36-இல் ஒன்றைப் பிடிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸுக்கு முதன்முதலாக ஒலிம்பிக் இடம் பிடித்தவர் லிம் ஹீம் வெய், 2012 லண்டனில். அப்பா ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து. அதாவது அப்பா வேலை பார்த்த காலம் முழுவதும் இந்த நாட்டிலிருந்து யாருமே ஜிம்னாஸ்டிக்ஸுக்காக ஒலிம்பிக் போனதில்லை. உறவினர் கேட்ட கேள்விக்கு அன்று ஊரில் இருந்த எல்லாப் பயிற்சியாளர்களிடமும் அதே பதில்தான்.

லிம் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் பீம் (ஒடுக்கமான கட்டை மேல் நின்று செய்வது) பிரிவில் வெள்ளி வாங்கினார். லண்டன் போனபோது அவருக்கு 23 வயது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் பதக்கம் வாங்கும் விளையாட்டில் 23 வயது வரை ஒரு பெண்ணை விட்டுப்போகாமல் வைத்திருந்தது எது என்று நான் யோசிப்பதுண்டு. அவருடைய உழைப்பு, அது முதலில். அப்புறம், போட்டி என்று ஒன்று வருடா வருடம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு நடுவர்கள் வேண்டும், எதிரே நின்று போட்டியிட வேறு பள்ளிப் பிள்ளைகள் வேண்டும். தனியாக ஒருத்தி தனக்குத்தானே போட்டி வைத்துக்கொள்ள முடியாது. அவருக்குப் பிறகு டான் ஸெ என் தோக்கியோ ஒலிம்பிக்குக்கும் எம்மா யாப் பாரிசுக்கும் போனபோதும் இதைத்தான் நினைத்தேன்.

என் அக்கா மகள் ஆறு ஆண்டுகள் இதைப் பயின்றாள். அழைத்துப் போய் வருவது என் பொறுப்பு, அதனால் வாரம் மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த அனுபவம் உண்டு. (சுண்ணப்பொடி படாத சட்டை என்னிடம் அப்போது ஒன்றுகூட இல்லை.) அங்கே எனக்குப் புரிந்த பெரிய எதிரி காயம் அல்ல, நாள்காட்டி. ஐந்து, ஆறு வயதில் தொடங்க வேண்டும். பெண்கள் சீனியர் பிரிவில் இறங்க அந்த ஆண்டில் 16 ஆகியிருக்க வேண்டும். நடுவில் சரியாக 12 வயதில் பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வந்து நிற்கிறது. பிள்ளை அப்போதுதான் பெரிய பல்டிகளுக்குத் தயாராகியிருக்கும், அம்மா அப்பா துணைப்பாட வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிடுவார்கள். 2004-இல் நேரடிப் பள்ளிச் சேர்க்கை வந்தபிறகு விளையாட்டைக் காட்டி உயர்நிலைப்பள்ளியில் இடம் வாங்கலாம் என்று ஆனது. இடத்துக்காகவே வந்து, இடம் கிடைத்ததும் போனவர்களையும் பார்த்தேன். எனக்கு அதில் பெரிய கோபமில்லை. அந்த ஆசையாவது பன்னிரண்டு வயது வரை அவர்களை மெத்தையில் நிறுத்தியதே.

பையன்கள் நிலை இன்னும் மோசம். வளையத்தில் தொங்கிக்கொண்டு உடலைச் சிலுவை போல நிறுத்தும் பலம் ஆணுக்கு 18 வயதுக்கு மேல்தான் முழுதாக வருகிறது. அதே 18-இல் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி, இரண்டு ஆண்டு. நீச்சலில் ஜோசப் ஸ்கூலிங்குக்கு 2013-இல் சேவையை ஒத்திவைத்தார்கள், 2016-இல் ஒலிம்பிக் தங்கம் வந்தது. ஆனால் ஒத்திவைப்பு என்பது மிக மிகச் சிலருக்குக் கிடைப்பது. மற்றவர்களுக்கு உள்ளங்கைக் காய்ப்பு போய்விடும், கூடவே கம்பியின் மேல் இருந்த துணிச்சலும். அப்பா கையில் இப்படிப் பாதியில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! ஒவ்வொரு முறையும் திரும்ப ஓர் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தலைகீழாக நிற்கக் கற்றுக்கொடுப்பதிலிருந்து தொடங்கியிருப்பார்.

போதாக்குறைக்கு விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஒலிம்பிக் சுற்றுக்கும் புதிய விதிப்புத்தகம் வரும், நடுவர்கள் மறுபடி தேர்வெழுத வேண்டும். 2001-இல் தாண்டுகுதிரை என்ற கருவியை எடுத்துவிட்டு மேசை போன்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள், மண்டபங்களில் இருந்த குதிரைகள் ஒரே நாளில் பழைய சாமான் ஆயின. 1976 ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கொமனேச்சி பத்துக்குப் பத்து வாங்கியபோது, மதிப்பெண் பலகையில் அந்த எண்ணைக் காட்ட இடமில்லாமல் 1.00 என்று வந்ததே, அந்தப் புகழ்பெற்ற பத்து 2006-இல் ஒழிந்தது. கடினத்துக்கு ஒரு மதிப்பெண், நேர்த்திக்கு ஒரு மதிப்பெண் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அறுபதை நெருங்கும் வயதில் உங்கள் அப்பா இதையெல்லாம் புதிதாக உட்கார்ந்து படித்திருக்கிறார். நீங்கள் அனுப்பிய படங்களே சாட்சி.

சரி, அந்தப் படங்களுக்கு வருகிறேன். அவை கிறுக்கல்கள் இல்லை. நடுவர்களின் சுருக்கெழுத்து. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குறி உண்டு. பிள்ளை பீம் மேல் இருக்கும் ஒன்றரை நிமிடத்தில், காகிதத்தைப் பார்க்காமலே அதை எழுதிக்கொண்டு போவார்கள். படிக்கத் தெரிந்த வேற்று நாட்டு நடுவர் ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தால், அந்தப் பிள்ளை அன்று என்ன செய்தாள் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுவார். எனக்கு அந்த அளவு தெரியாது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நடுவர் புண்ணியத்தில் கொஞ்சம் எழுத்துக்கூட்டுவேன்.

முதல் படத்தில் குறிகளுக்கு நடுவே தமிழில் "விழுந்தாள்" என்று எழுதி 0.5 கழித்திருக்கிறார். மூன்றாவது படத்திலும் "விழுந்தாள்", ஆனால் கழித்தது 1.0. விழுந்தால் அரைப் புள்ளி என்பது பழைய விதி, இப்போது முழுப் புள்ளி. ஆக முதல் பக்கம் 2006-க்கு முந்தையது, மூன்றாவது பக்கம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எழுதியது. இரண்டு பக்கங்களிலும் மேல் ஓரத்தில் 'ம' என்று வட்டமிட்டிருக்கிறது. ஒரே பிள்ளை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்று. "விழுந்தாள்" என்பதற்குப் பக்கத்தில் சின்னதாக "9 வி." என்று இருக்கிறது, மூன்றாவது படத்தில் "3 வி.". பீமிலிருந்து விழுந்தால் மறுபடி ஏறப் பத்து வினாடி தருவார்கள். பத்தைத் தாண்டினால்தான் தண்டம், மூன்றானாலும் ஒன்பதானாலும் மதிப்பெண்ணில் வித்தியாசமில்லை. கடிகாரம் பார்க்கத் தனியாக ஆளும் உண்டு. நடுவருக்குத் தேவையே இல்லாத அந்த எண்ணை உங்கள் அப்பா தனக்காகக் குறித்து வைத்திருக்கிறார்.

தேற்றுவதற்கெல்லாம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு பக்கங்களையும் அவர் முன்னால் வைத்து, 'ம' யார் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். மொத்தம் 41 நோட்டுகள் இருக்கின்றன, அவசரப்படுத்தாதீர்கள்.