சிக்ஸு சொல்லும் பெண் எழுத்து: உங்கள் வழிகாட்டியின் கேள்விக்கு

பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் எலன் சிக்ஸு பெண்களைத் தங்கள் உடலை எழுதச் சொல்கிறார், அப்படியானால் உடற்கூறுதான் எழுத்தைத் தீர்மானிக்கிறதா என்று வழிகாட்டி கேட்டதில் உங்கள் ஆய்வேடு நின்றுபோனதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்விதான், ஆனால் பழைய கேள்வி.

முதலில் சிக்ஸுவின் 'மெடூசாவின் சிரிப்பு' (1975) கட்டுரையின் அடிக்குறிப்புகளைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சில் பெண்மை பதிந்த எழுத்துக்கு அவர் சொல்லும் பெயர்கள்: கொலெத், மார்கரித் துரா, அப்புறம் ழான் ழெனே. கடைசி ஆள் ஆண்! பாதி பதில் இதிலேயே வந்துவிடுகிறது.

மீதிக்கு, அதே ஆண்டு கத்ரின் கிளெமானோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூலுக்குப் போங்கள். 'அவள் எங்கே?' என்று கேட்டுவிட்டுச் செயல்/செயலின்மை, பண்பாடு/இயற்கை, பகல்/இரவு என்று இணைகளை அடுக்குகிறார். இவை சமமான இணைகள் அல்ல. ஒன்று மேலே, மற்றது கீழே. கீழே இருப்பதைத்தான் பெண்ணின் பக்கம் தள்ளுகிறார்கள். மெய்யியலாளர் தெரிதாவிடமிருந்து வந்த வாசிப்பு இது. இந்த மேல்-கீழைக் குலைக்கும் எழுத்தையே அவர் தேடுகிறார், யார் எழுதினாலும் சரி.

அதற்காக அவரை முழுக்கக் காப்பாற்றவும் முயலாதீர்கள். தாய்ப்பாலை 'வெள்ளை மை' என்று சொல்லும் இடத்தில் உடற்கூறு பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. பெண்ணியத் திறனாய்வாளர் டோரில் மோய் 1985இல் இந்த முரணைத்தான் பிடித்தார். என்னைக் கேட்டால், முரணை மறைக்காமல் அதையே அந்த இயலின் மையமாக வையுங்கள். மோயை வழிகாட்டி எடுப்பதற்குள் நீங்களே எடுத்துவிடுங்கள்.