கேள்வி–பதில்: ‘ஆத்தாடி’யும் ‘அம்மோ’வும்

கேள்வி: நானும் ஒரு சிங்களப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து நிரைகளில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறோம். ஒரு நாள் என் கொழுந்து 31 கிலோ நிறுத்தபோது நான் ‘ஆத்தாடி’ என்றேன். அவர் ‘அம்மோ’ என்றார். பின்னர் இருவரும் ஒரே மாதிரிச் சிரித்தோம். சிரிப்பு ஒன்றாயிருக்க, வியப்பு மட்டும் ஏன் வேறுபடுகிறது?
– வாசகி, தலவாக்கலை

பதில்: சிரிப்பு முழுக்க மூச்சின் வேலை. உள்ளிருந்து வரும் மூச்சு துண்டு துண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் ஓர் உயிரொலியோடு வெளிப்படுவதால், எந்த மொழிக்காரர் சிரித்தாலும் காதில் விழுவது ‘ஹஹஹா’வுக்கு நெருக்கமானதுதான். 1000ஆம் ஆண்டையொட்டி இலத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதிய எல்ஃப்ரிக் என்னும் துறவி, ‘ஹஹ’வும் ‘ஹெஹெ’யும் அவ்விரு மொழிகளிலும் சிரிப்பையே குறிக்கும் என்று அப்போதே எழுதிவைத்தார். தாய்லாந்தினர் ஐந்தை ‘ஹா’ என்பதால், கைப்பேசியில் 555 என்று எழுதிச் சிரிக்கிறார்கள். தமிழில் எழுதும்போதுதான் சிறு சங்கடம்: சொல்லின் முதலில் இவ்வொலி வந்தால் ‘ஹ’ என்னும் கிரந்த எழுத்தை நாடுகிறோம், இடையில் வந்தால் ககரமே போதும், ஏனெனில் ‘ஆகா’ என்று எழுதியிருப்பதை நாம் ‘ஆஹா’ என்றே வாசிக்கிறோம்.

வியப்பிலும் வாய் பிளந்து ‘ஆ’ என்பது வரை பெரிய வேறுபாடில்லை. அடுத்த நொடியில் மொழி குறுக்கிட்டு, யாரையேனும் கூப்பிட வைக்கிறது. உங்கள் ‘ஆத்தாடி’யில் ஆத்தா இருக்கிறாள்; ‘அடேங்கப்பா’வில் அப்பா இருக்கிறார்; இத்தாலியர் ‘மம்மா மியா’ என்று தம் தாயையே விளிக்கிறார்கள். உங்கள் தோழிக்கு வியப்பு இன்னும் மிகுந்திருந்தால் ‘புது அம்மோ’ என்றிருப்பார். (அந்தப் ‘புது’ புத்தரைச் சுட்டுவது, புதிதாக ஓர் அம்மா வந்துவிடவில்லை.) ஆகவே அன்று தராசடியில் நீங்கள் இருவரும் வெவ்வேறு சொற்களால் கூப்பிட்டது தாயைத்தான். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தமிழகத்து ஊர்ப்புறங்களிலிருந்து கொண்டுவந்த பேச்சில் ஆத்தாவும் கூடவே வந்தாள்.

கேள்வி: ‘ஐயோ’ ஆங்கிலச் சொல்லாகிவிட்டதாமே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி 2016இல் அதைச் சேர்த்துக்கொண்டது உண்மையே. ஆயினும் சிங்களவரும் ‘ஐயோ’ என்கிறார்கள், சீனரும் ஏறக்குறைய அதே ஒலியை எழுப்புகிறார்கள் என்பதால், நமக்கே உரியதென்று பட்டா போடுவது கடினம். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடப்பதுதான்: ஹட்டன் பஸ் நிலையத்தில், கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவரைப் பார்த்து ஒரு தமிழ் மூதாட்டி, ‘அனே, பாவம்!’ என்றதைக் கேட்டிருக்கிறேன். அதில் ‘அனே’ சிங்களம்.