கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர் வேலை நிலையானதா? அதற்கு எப்படிப் போவது?

போகலாம். நிலையானதா என்றால், இல்லை. நீங்கள் அமெரிக்கக் கல்லூரிகளை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கோப்பை ஜெயித்தால் நாற்காலி நிற்கும் என்று நம்புகிறவர்கள் ஷானன் மில்லரைப் பார்க்க வேண்டும். 1998 நகானோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற கனடா அணியின் பயிற்சியாளர். மினசோட்டா டுலூத் பல்கலைக்கழகத்தில் 1999-ல் பெண்கள் அணியைப் புதிதாகக் கட்டினார். பெண்களுக்கான என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பட்டம் 2001-ல் தொடங்கியது. முதல் மூன்றும் அவருடையவை, பிறகு 2008, 2010. இத்தனைக்கும் பிறகு 2014 டிசம்பரில், பணத்தைக் காரணம் காட்டி, ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வழக்குப் போட்டார். பாலினப் பாகுபாடும் பழிவாங்கலும் நடந்தது உண்மை என்று 2018-ல் ஜூரி சொல்லி, 37 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது.

“மார்க் ஜான்சன் 2002 முதல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக இருக்கிறாரே” என்று யாராவது வருவீர்கள். இருக்கிறார், 2025 வரை 8 பட்டங்களோடு. அந்த ஒருவரை வைத்து இந்த வேலையை எடை போடாதீர்கள்.

வழி பெரும்பாலும் ஒன்றுதான்: கல்லூரியில் ஆடி, உதவிப் பயிற்சியாளராகி, பிறகு தலைமை. நாடின் மஸரால் மினசோட்டாவில் ஆடினார், அங்கேயே உதவிப் பயிற்சியாளரானார், 2016-ல் ஒஹாயோ ஸ்டேட் அணியை ஏற்று 2022, 2024 பட்டங்களை வென்றார். உதவியாளர் காலத்தில் முக்கிய வேலை ஆள் சேர்ப்பும் வீடியோ வெட்டுவதும். அணியில் 26 பேர் என்றால் வருடத்துக்கு ஆறேழு பேர் படிப்பு முடித்துப் போவார்கள். அதில் நாலு பேர் டிஃபென்ஸாக (தடுத்து ஆடுபவர்களாக) இருந்துவிட்டால் அடுத்த சீசன் போச்சு; மூன்று வருடம் முன்பே கணக்குப் போட வேண்டும். சேர்க்க நினைக்கும் பெண்ணோடு, அவள் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் 15-க்கு முன் பேசக் கூடாது, ஆடுவதைப் பார்க்கலாம். பார்க்கும்போது பக் (ரப்பர் வட்டு) அவள் மட்டையில் இருக்கும் நேரத்தை விடுங்கள். அதைப் பறிகொடுத்த அடுத்த மூன்று விநாடியில் திரும்பி ஓடுகிறாளா, தலையைத் தொங்கப் போடுகிறாளா என்று பாருங்கள்.

என்சிஏஏ விதிப்படி வீராங்கனைகளுக்குச் சீசனில் பயிற்சியும் ஆட்டமும் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான், ஒரு நாள் முழு ஓய்வு. ஆட்டம் எவ்வளவு நேரம் நடந்தாலும் 3 மணி நேரமாகவே கணக்கு. வெள்ளி, சனி இரண்டு ஆட்டம் போனால் மிச்சம் 14. ஐஸ், ஜிம், வீடியோ எல்லாம் அதற்குள். புதியவர்கள் தோற்ற வாரத்தில் “கட்டாயமில்லை” என்று சொல்லி வீடியோ கூட்டம் வைத்து மாட்டிக்கொள்வார்கள்.

ஆட்டத்தின்போது பெஞ்சில் நிற்கும் பயிற்சியாளர் அதிகம் தவறு செய்யும் இடம், மூன்று பீரியடில் இரண்டாவது. பக்கம் மாறுவதால், ஆள் மாற்ற வரவேண்டிய உங்கள் பெஞ்சு உங்கள் கோலிலிருந்து தூரமாகிவிடும். முதல் பீரியடில் ஒரு தடவை இறங்கினால் 45 விநாடி ஓடியவர்கள் இப்போதும் அதே அளவு ஓடினால், களைத்துப்போய்த் தங்கள் பகுதியிலேயே சிக்கிக்கொள்வார்கள். கோல் அங்கேதான் விழும். ஷிஃப்டை, அதாவது ஒரு தடவை இறங்கி ஓடும் நேரத்தை, 35 விநாடிக்குக் குறையுங்கள். பக் எதிரணியின் கோல் பின்னால் போகும்வரை டிஃபென்ஸ் ஆளை மாற்றாதீர்கள். இன்னொன்று, பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதித் தள்ளக் கூடாது. ஆகவே கோணம் பார்த்து ஓரச் சுவர்ப் பக்கம் ஒதுக்கி, மட்டையால் பக்கைப் பறிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாதி பயிற்சி. ஆண்கள் அணியிலிருந்து வருபவர்கள் இதை எளிது என்று நினைத்து ஆட்டத்தில் பெனால்டியாக (தண்டனையாக) வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் தேசியப் போட்டிக்கு 16 அணிகள் போகும். பெண்களுக்கு 2005 முதல் 8 தான். 2022-ல்தான் 11 ஆக்கினார்கள். “தேசியப் போட்டிக்குப் போனாயா” என்றே பயிற்சியாளரை அளக்கிறார்கள். வாசலை மட்டும் பாதியாக வைத்தார்கள்! அணிகள் குறைவு என்பது எனக்கும் தெரியும், அந்தக் கணக்கோடு வராதீர்கள்.

வேலை கிடைத்தால் சம்பளத்தைவிட ஒப்பந்த வருடத்தை முதலில் பேசுங்கள். பாதியில் அனுப்பினால் மிச்சச் சம்பளம் எவ்வளவு, எத்தனை மாத முன்னறிவிப்பு, உதவியாளர்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.