தாய்க்குப் பக்கத்தில் ஒரு குதிரை: எழுத்துகள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, மொழியும் எழுத்தும் ஒன்றுதான் என்ற எண்ணத்தில் முளைத்தவை. துருக்கியர்கள் 1928இல் அரபு எழுத்தை விட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். வீட்டில் பேசிய மொழி அதேதான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: சீன எழுத்துகள் எல்லாமே படங்கள்தானே? பார்த்தே பொருளை ஊகிக்கலாமாமே?

பதில்: ஊகித்துப் பாருங்கள், மாட்டிக்கொள்வீர்கள். மலை, மரம், குதிரை என ஒரு சிறு பகுதிதான் படமாகப் பிறந்தது. பெரும்பாலானவை இரண்டு துண்டுகளின் ஒட்டு: ஒன்று பொருளைச் சுட்டும், மற்றது ஒலியைச் சுட்டும். தாயைக் குறிக்கும் 'மா' என்ற எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. அந்தத் தாய் குதிரையேற்றம் பழகியவள் என்று நினைத்துவிடாதீர்கள். சீனத்தில் குதிரைக்கும் 'மா' என்றே பெயர், தொனி மட்டும் வேறு. குதிரை அங்கே வந்து நிற்பது ஒலிக்காக.

கேள்வி: ஒரே மனிதர் உட்கார்ந்து ஒரு மொழிக்கு எழுத்து உருவாக்கிவிட முடியுமா?

பதில்: முடியும். எனக்கு மிகவும் பிடித்தவர் செக்வோயா. அமெரிக்காவின் செரோக்கி இனத்தவர், வெள்ளி வேலை செய்தவர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். வெள்ளையர்கள் தாளைப் பார்த்துப் பேசுவது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தைதான் என்று அவருக்குத் தோன்றியது. முதலில் சொல்லுக்கு ஒரு குறி என்று தொடங்கினார். குறிகள் பெருகிக்கொண்டே போயின, கைவிட்டார். பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டபோது, எத்தனை சொற்கள் இருந்தாலும் சில அசைகளே திரும்பத் திரும்ப வருவது பிடிபட்டது. 1821இல் 86 குறிகளோடு வேலை முடிந்தது.

ஊரார் நம்பவில்லை. தன் சிறுமகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, பெரியவர்கள் சொன்னதை எழுதி அனுப்பினார். அவள் அப்படியே படித்துச் சொன்னாள். 1828இல் ஆங்கிலத்தோடு அந்த எழுத்தையும் தாங்கி 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற செய்தித்தாளே வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கில 'டபிள்யூ' போன்ற வடிவம் செரோக்கியில் 'ல' ஆகும். 'டி' போன்றது 'அ'. வடிவத்தைக் கடன் வாங்கினார், ஒலியைத் தொடவில்லை.

கொரிய மன்னர் செஜோங்கின் வழி வேறு. அவர் 1443இல் முடித்து 1446இல் வெளியிட்ட எழுத்தில், மெய்யின் வடிவமே வாயின் வடிவம். ககரத்துக்கான கோடு, அடிநாக்கு எழுந்து தொண்டைப் பக்கம் அடைப்பதன் பக்கத்தோற்றம். மகரம், வாயைக் காட்டும் ஒரு சதுரம். 'ககார ஙகாரம் முதல்நா அண்ணம்' என்று தொல்காப்பியர் நூற்பாவில் சொன்னதைப் போன்ற ஒன்றை அவர் கோட்டில் வரைந்துவிட்டார். சீன எழுத்து இருக்க இது எதற்கு என்று அரசவை அறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். எனக்கு வியப்பில்லை. எழுத்து எளிதானால் யாருக்கு நட்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: இடமிருந்து வலம், வலமிருந்து இடம்: இரண்டில் எது இயல்பு?

பதில்: இரண்டோடு நின்றுவிட்டீர்களே! பழைய கிரேக்கர்கள் ஏர் உழுவதைப் போலவும் எழுதினார்கள். ஒரு சால் இப்படிப் போனால் அடுத்தது திரும்பி வரும், எழுத்துகளும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மங்கோலிய எழுத்து மேலிருந்து கீழே இறங்கும். பிலிப்பைன்ஸின் மிண்டோரோ தீவில் ஹனுனூ மக்கள் மூங்கிலில் கத்திமுனையால் கீறுகிறார்கள், அதுவும் உடம்பைவிட்டு விலகும் திசையில், கீழிருந்து மேலாக. கத்தி பிடித்துப் பழகியவருக்குக் காரணம் சொல்ல வேண்டாம். அந்த எழுத்தும் பிராமி வழி வந்ததுதான். தமிழ் எழுத்துக்குத் தூரத்து உறவு.

கேள்வி: சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாக ஒரு காணொளி பார்த்தேன். உண்மையா?

பதில்: அடிக்கடி யாராவது படித்துவிடுகிறார்கள். ஒருவர் படித்தது மற்றவருக்கு ஒத்துவருவதில்லை. வாசகங்களில் சராசரியாக ஐந்து குறிகள்தான், ஒரே வாசகத்தைத் தெரிந்த மொழியிலும் சேர்த்து எழுதிய இருமொழிச் சான்று கிடைக்கவில்லை, என்ன மொழி என்பதும் உறுதியாகவில்லை. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. காணொளிக்காரரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. சொந்தமாக ஓர் எழுத்து கண்டுபிடித்து நோட்டு நிறைய எழுதுகிறான். கண்டிப்பதா, விடுவதா?

பதில்: இன்னொரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஆங்கில 'ஏ'வுக்கு ஒரு குறி, 'பி'க்கு ஒரு குறி என்று அவன் வைத்திருந்தால், அது பழைய ஆளுக்குப் போட்ட புதுச் சட்டை. அப்படியானால் 'கல்', 'அகம்', 'தங்கம்' என்று உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று ககரமும் மூன்று விதமாக ஒலிக்கும். தமிழ் ஒரே எழுத்தை வைத்தது, இடத்தைப் பார்த்தே ஒலி தெரிந்துவிடும் என்பதால். அவன் எத்தனை வைப்பான், ஏன்? பிறகு வேகமாக எழுதிப் பார்க்கட்டும். வேகத்தில் ஒன்றுபோல் ஆகிவிடும் குறிகளை மாற்றட்டும்.

பெர்னார்ட் ஷா, ஆங்கிலத்துக்குப் புது எழுத்து வேண்டும் என்று உயிலில் பணம் ஒதுக்கினார். போட்டி வைத்து உருவாக்கினார்கள்; 1962இல் அவருடைய நாடகம் ஒன்று அதில் அச்சாயிற்று. அழகான எழுத்துதான், ஆனால் ஒரு சிறு ஆர்வலர் கூட்டத்தைத் தாண்டி அதைப் படிக்க ஆளில்லை. செக்வோயாவுக்கு ஒரு மகள் இருந்தாள். உங்கள் மகனின் எழுத்தை நீங்கள் கற்றுக்கொண்டு, நாளைக்கு அவனுடைய சாப்பாட்டு டப்பாவில் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்.