அந்தப் பலகையை இப்போது பெயர்க்காதீர்கள்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட் எங்களுடையது. கான்கிரீட் மேல் ஒட்டியிருந்த பழைய மரத்தரையைப் பெயர்த்து, சிமென்ட் பூசி மட்டம் செய்து, ஐந்தாம் நாளே புதுப் பலகை பதித்தார் ஒப்பந்ததாரர். பொருளும் கூலியும் சேர்த்து 2,80,000 ரூபாய். மழைக்காலத்தில் கூடம் முழுக்கப் பலகை உப்பிவிட்டது. "தண்ணீர் விட்டுத் துடைத்திருப்பீர்கள், உத்தரவாதம் செல்லாது" என்கிறார். ரசீதும் தரவில்லை. வேறு ஆளை வைத்து மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் முதல் சாட்சி அந்தப் பலகைக்கு அடியில்தான் கிடக்கிறது. தரையைப் புதிதாக்கிவிட்டு, பளபளக்கும் படங்களோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. எதை வைத்து வழக்காடுவது?

மேலிருந்து தண்ணீர் இறங்கினால் பெரும்பாலும் மூட்டுகளின் ஓரம்தான் முதலில் உப்பும். கீழிருந்து ஈரம் ஏறியிருந்தால் பலகையின் அடிப்பக்கம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருக்கும். ஈரத்தைத் தடுக்கும் பாலித்தீன் விரிப்பு போட்டாரா, சுவரோரம் பலகை விரிய இடம் விட்டாரா என்பதும் பிரித்தால் தெரிந்துவிடும். புதுச் சிமென்ட் பூச்சு காய வாரக்கணக்கில் ஆகும். தரை காய்ந்ததா என்று பார்ப்பது பதிப்பவரின் வேலை, உங்கள் வேலையன்று. "கட்டடத்திலேயே ஈரம்" என்று அவர் சொன்னாலும் இதுதான் பதில்.

15 நாளுக்குள் வந்து பார்வையிடும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். வராவிட்டால் ஒரு சிவில் பொறியாளரை வைத்து, வீடியோ எடுத்தபடி ஒரு மூலையை மட்டும் பிரித்து அறிக்கை வாங்குங்கள். அந்தப் பலகைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரசீது இல்லாததற்குக் கலங்க வேண்டாம். வங்கிக் கணக்குப் பட்டியலும் வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய மதிப்பீடும் போதும். அவற்றோடு, மின்னணு ஆவணங்களுக்காகப் பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை இணைத்துவிட்டால் தகராறு வராது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இதைச் சொன்னதற்காக வக்கீல் நண்பர்கள் என்னைக் கோபிக்கலாம். கொடுத்த பணம், பெயர்த்தெடுக்கும் செலவு, ஓரளவு இழப்பீடு ஆகியவற்றைக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று எழுதினால் நியாயமான தொகையையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

கடிதம் இந்த வாரமே போகட்டும். வெயில் ஏறினால் பலகை கொஞ்சம் அமர்ந்துவிடும், அப்போது வந்து நின்று, "இதில் என்ன குறை?" என்பார்.